முதுகைக் காட்டி உட்காருபவர்

நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். மடிக்கணினி மூடியிருக்கிறது. அதிலிருந்து சர்வருக்குப் போய்க்கொண்டிருந்த நீலக் கேபிள் பிடுங்கப்பட்டு அவர் மடியில் சுருண்டு கிடக்கிறது. பின்னால், இரும்பு அலமாரிக்குள், மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. விசிறிகள் ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் இரைகின்றன. அறையின் குளிருக்குத் தோளில் ஒரு பழைய சால்வை. யாராவது கதவைத் திறந்து எட்டிப் பார்த்தால், குழந்தை தூங்கும் வீட்டில் செய்வது போல உதட்டில் விரலை வைக்கிறார்.

"என்னக்கா, மெஷினோட கோவமா? மூஞ்சியத் திருப்பிக்கிட்டு உக்காந்திருக்கீங்க" என்று கேட்பவர்கள் உண்டு.

"கோவமெல்லாம் இல்லப்பா. நான் போயிட்டேன்னு அது நினைக்கணும்."

இதைச் சொல்லும்போது அவர் சிரிப்பதில்லை. கேட்டவர்களும் அதற்கு மேல் கேட்பதில்லை. கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டுப் போகிறார்கள்.

அவரை எல்லோரும் நாடியக்கா என்கிறார்கள். எந்த மெஷின் அறைக்குள் நுழைந்தாலும், வளையல்களைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, முதல் வேலையாக மெஷினின் மேல்தகட்டில் உள்ளங்கையை வைத்து நிற்பதால் வந்த பெயர். காய்ச்சல் பார்ப்பது போலக் கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு, "ஒரு விசிறி மூச்சு வாங்குது" என்பார். பிரித்துப் பார்த்தால் தூசி அடைத்திருக்கும். தப்பாகச் சொன்ன நாட்களும் உண்டு. அப்போதெல்லாம் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, "இன்னைக்குக் கைக்கு உடம்பு சரியில்ல போல" என்று பழியைக் கையின் மேல் போட்டுவிடுவார்.

குட்டையான உருவம். காதோரம் மட்டும் நரை. பேசிக்கொண்டிருக்கும்போதே பாதி வாக்கியத்தில் நிறுத்தி, எங்கோ கேட்கும் சத்தத்துக்குத் தலையைச் சாய்ப்பார். பையில் திருப்புளி, டார்ச், ஃபிளாஸ்க்கில் பால் சேர்க்காத தேநீர், சம்பந்தமே இல்லாமல் ஒரு தையல்கடை அளவு நாடா. அவருடைய வீட்டுக்காரர் தையல்காரர். நாடா அவருடையது. கேபிளை வெட்டுவதற்கு முன் அளக்க அதைத்தான் எடுப்பார். "பொண்டாட்டி என் டேப்ப தூக்கிட்டுப் போயிட்டா, உங்க பேண்ட் அடுத்த வாரம்தான்" என்று அந்த மனிதர் வாடிக்கையாளர்களிடம் சொல்வதில் பாதி உண்மை.

அவர் செய்யும் வேலையை வெளியாருக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். லினக்ஸ் என்ற மென்பொருளில்தான் உலகத்தின் பெரும்பாலான சர்வர்கள் ஓடுகின்றன. அதைப் பல குழுக்கள் தத்தம் விருப்பப்படி தொகுத்து வெளியிடுகின்றன. ஒவ்வொரு தொகுப்பையும் டிஸ்ட்ரோ என்கிறார்கள். ஒரே மெஷினில் ஒரு டிஸ்ட்ரோவைப் போட்டால் ஒரு வேகம், இன்னொன்றைப் போட்டால் இன்னொரு வேகம். எங்கே வேறுபடுகிறது, எதைத் திருகினால் சரியாகும் என்று கண்டுபிடித்து முறுக்கேற்றிக் கொடுப்பதுதான் நாடியக்காவின் தொழில். அவரிடமே கேட்டால் இப்படிச் சொல்வார்:

"ரெண்டு ஓரகத்திங்கன்னு வெச்சுக்குங்களேன். ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி அடுப்பு. ஆனா பொறந்த வீட்டுப் பழக்கம் வேற வேற. ஒருத்தி ஆளே இல்லாத ரூம்லயும் லைட்ட எரியவிட்டுட்டுப் போவா. இன்னொருத்தி, நீங்க எந்திரிச்சுத் தண்ணி குடிக்கப் போனா திரும்பி வர்றதுக்குள்ள அணைச்சிருவா. ரெண்டும் நல்ல பொண்ணுங்கதான். எந்த வீட்டுக்கு எவ சரிப்பட்டு வருவான்னு பார்த்துச் சொல்றேன், அவ்வளவுதான்."

வெளிச்சத்தை அணைக்காதவள், அணைப்பவள் என்ற இந்தப் பேச்சு அவருக்கு வெறும் உவமை இல்லை. வேலை இல்லாத நேரத்தில் மெஷின் தன் உறுப்புகளை ஒவ்வொன்றாகத் தூங்கவைக்கும். மின்சாரம் மிச்சம். எவ்வளவு ஆழமாகத் தூங்கவைப்பது, எவ்வளவு சீக்கிரம் எழுப்புவது என்பதில் டிஸ்ட்ரோவுக்கு டிஸ்ட்ரோ கொள்கை மாறும். தொகுத்தவர்கள் நல்ல எண்ணத்தோடு வைத்த பழக்கங்கள்தான். யாரும் கேட்டு வைத்தவை அல்ல, யாரும் பார்த்து மாற்றியவையும் அல்ல. "கெட்ட புத்திய ஈசியா கண்டுபிடிச்சிரலாம்" என்பார் நாடியக்கா. "நல்ல புத்திதான் ஒளிஞ்சுக்கும்."

முதுகைக் காட்டி உட்காரும் வழக்கம் அவருக்கு ஆரம்பத்திலிருந்தே இருந்தது அல்ல. அது ஆம்புலன்ஸ் அலுவலகத்தில் வந்தது.

அவசரம் என்று போன் செய்தால் எடுத்து, வண்டி அனுப்பும் அலுவலகம். ஒரு கூடம், வரிசையாக மேசைகள், காதில் ஹெட்போன் மாட்டிய ஆட்கள். கூடத்துக்கும் மெஷின் அறைக்கும் நடுவில் கண்ணாடிச் சுவர். உள்ளே ஒரே அச்சில் வார்த்தது போல இரண்டு சர்வர்கள். ஒன்றில் பழைய டிஸ்ட்ரோ, இன்னொன்றில் புதியது. எதை வைத்துக்கொள்வது என்று நாடியக்காவைக் கேட்டார்கள்.

வாரக்கணக்கில் அளந்தார். போன் குரல் உள்ளே வரும் நெட்வொர்க் கார்டிலேயே தன் நீலக் கேபிளைச் செருகி, அதன் வழியாக விநாடிதோறும் மெஷினை விசாரித்துக்கொண்டே இருந்தார். எவ்வளவு கிட்ட இருந்து பார்க்கிறோமோ அவ்வளவு துல்லியம் என்பது அவர் கட்சி. புதியது எல்லாவற்றிலும் முந்தியது. ஒரு குரல்கூடத் தவறவில்லை, ஒரு சொல்கூடப் பிந்தவில்லை. அப்படியே சொல்லிக் கையெழுத்துப் போட்டார். கேபிளைப் பிடுங்கிச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அவர் போன பிறகுதான் ஆரம்பித்தது.

மதியச் சாப்பாட்டு வேளையில் அந்த அலுவலகத்தில் அழைப்புகள் அடங்கிப்போகும் ஒரு நேரம் உண்டு. எல்லோரும் எழுந்து சாப்பிடப் போக, ஒரே ஒரு ஆபரேட்டர் பெண் மட்டும் கூடத்தில் இருப்பாள். எப்போதும் அவள் முறைதான் அது. காலையில் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டுப் பிந்தி வருபவளுக்கு அந்த நேரம் தோது. மேசையில் விளக்கு எரியும், அழைப்பு தானாகக் காதுக்கு வரும். ஆனால் காதில் ஒன்றும் இருக்காது. "சொல்லுங்க... சொல்லுங்க..." என்பாள். பதில் இருக்காது. சும்மா வரும் வெற்று அழைப்புகள் நிறைய. ஆகவே குரல் கேட்டால்தான் பதிவுப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பது விதி. அவள் காத்திருப்பாள். திடீரென்று, கதவைத் திறந்தது போல, நடுவாக்கியத்திலிருந்து ஒரு குரல் தொடங்கும்.

"...அதனாலதான் சீக்கிரம் வரச் சொல்றேன்."

"எங்க இருந்து பேசறீங்க? என்ன ஆச்சு?"

"இப்பதானே எல்லாத்தையும் சொன்னேன். நீங்க கேட்டுக்கிட்டுதானே இருந்தீங்க?"

"இல்லீங்க, எனக்கு எதுவும் கேக்கல."

"மூச்சுச் சத்தம் கேட்டுச்சேம்மா."

ஒருவர் சொன்னால் கோபத்தில் சொன்னது என்று விடலாம். ஒருவரை ஒருவர் அறியாத பலர் இதையே சொன்னார்கள். யாரோ காதோடு காதாக, பதில் பேசாமல், கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்ததாக. அவள் கூடத்தைச் சுற்றிப் பார்ப்பாள். காலி நாற்காலிகள். கண்ணாடிக்கு அப்பால் இரண்டு மெஷின்கள்.

பிறகு ஒரு பெரியவரின் அழைப்பு வந்தது. விளக்கு எரிந்தது. நெடிய அமைதி. பிறகு தேய்ந்துபோன ஒரு ஆண் குரல்: "...கதவு திறந்துதான் இருக்கு." அவ்வளவுதான். போன் வைக்கப்படவில்லை, குரலும் வரவில்லை. எண்ணை வைத்து முகவரியைத் தேடிப் பிடித்து வண்டி போய்ச் சேர நேரமாகிவிட்டது. கதவு திறந்துதான் இருந்தது. தனியாக இருந்த மனிதர், தரையில், மார்பின் மேல் போனைப் பிடித்தபடி கிடந்தார். உயிர் தப்பியது. பேச்சு போய்விட்டது. அந்த அமைதிக்குள் அவர் என்ன சொன்னார் என்பது தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அவரால் இனி சொல்ல முடியாது.

மேற்பார்வையாளர் பதிவைக் கேட்டார். பதிவு அந்த மூன்று சொல்லில்தான் தொடங்கியது. அவர் கணக்கு நேரானது. மெஷின் சொல்லைத் தவறவிடாது, நாடியக்காவே கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஆகவே ஆள் தவறவிட்டிருக்கிறாள். அழைப்பு தானாகக் காதுக்கு வந்திருக்கிறது, இவள் கண்ணயர்ந்திருக்கிறாள், விழித்துக்கொண்டு பொத்தானை அழுத்தும்போது கடைசி வார்த்தை மட்டும்தான் மிச்சம். மூச்சுச் சத்தம் கேட்டதென்று ஜனங்கள் சொல்வதும் அதற்குத்தானே பொருந்துகிறது?

"நான் தூங்கல சார்."

"எல்லாருக்கும் ஒழுங்கா ஓடற மெஷின், உன் ட்யூட்டில மட்டும் கோளாறு பண்ணுதா? உனக்கும் அதுக்கும் என்ன பகை?"

வார முடிவோடு அவளை நிறுத்திவிடுவதாக முடிவு. சம்பிரதாயத்துக்கு ஒருமுறை மெஷினைச் சரிபார்த்துவிடட்டும் என்று நாடியக்காவை மறுபடி அழைத்தார்கள்.

நாடியக்கா வந்தார், வளையலைக் கழற்றினார், கையை வைத்தார், நீலக் கேபிளைப் பழைய இடத்திலேயே செருகினார். நாள் முழுக்கப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. மதிய அமைதியில் வந்த அழைப்புகள் எல்லாம் முதல் எழுத்திலிருந்து சுத்தமாக வந்தன. மறுநாளும் அப்படியே. கூடத்துக்கு வந்து ஆபரேட்டர் பெண்ணின் பக்கத்து நாற்காலியில் உட்காரப் போனார். அவள் தன் கைப்பையைத் தூக்கி அந்த நாற்காலியில் வைத்தாள்.

"ஆள் இருக்கு மேடம்."

"யாரும் இல்லையேம்மா."

"எனக்கும் அப்படித்தான் தெரியும். ஆனா யாரோ மூச்சு விடறாங்களாமே. அவங்க உக்காரட்டும்." திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "நீங்க வந்தீங்கன்னா அது நல்ல பிள்ளையாயிடுது. மாமியார் வந்தா மருமக நடிப்பா பாருங்க, அந்த மாதிரி. நீங்க படியிறங்கிப் போனதும் என்னைப் பார்த்துச் சிரிக்குது. இதச் சொன்னா எனக்குப் பைத்தியம்ன்னு இன்னொரு பேரு வரும். தூங்குமூஞ்சிப் பேரு ஒண்ணே போதும்."

நாடியக்கா நின்றுகொண்டே இருந்தார். அளவுகளை அவர் நம்பினார். அந்தப் பெண்ணின் குரலையும் நம்பாமல் இருக்க முடியவில்லை. இரண்டும் எப்படி உண்மையாக இருக்கும் என்று தெரியவில்லை. கண்ணாடிக்கு உள்ளே, தன் கேபிள் செருகியிருந்த கார்டில் பச்சை விளக்குப் பொட்டு ஒன்று விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. அதைப் பற்றிப் பிற்பாடு சொன்னார்: "இத்தனை வருஷத்துல மெஷினைப் பார்த்து எனக்கு ஒருநாளும் பயம் வந்ததில்ல. அன்னைக்கு அது என்னைப் பார்த்துக்கிட்டு இருக்கிற மாதிரி இருந்துச்சு."

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் நாடாவைத் திருப்பிக் கொடுக்கத் தையல்கடையில் ஏறினார். வீட்டுக்காரர் ஒரு தொந்திக்காரருக்குச் சட்டை அளவு எடுத்துக்கொண்டிருந்தார். நாடாவை இடுப்பில் சுற்றிவிட்டு, அளவைப் பார்க்காமல், "பையன் பரீட்சை எப்படி எழுதினான்?" என்று கேட்டார். அந்த மனிதர் அலுத்துக்கொண்டு பதில் சொல்ல ஆரம்பித்ததும் சட்டென்று அளவைக் குறித்துக்கொண்டார்.

ஆள் போனதும் நாடியக்கா கேட்டார்: "என்னங்க, அளக்கும்போது எதுக்கு ஊர்க்கதை?"

"டேப்பு மேல பட்டதும் எல்லாரும் வயித்த உள்ள இழுத்துக்குவாங்கம்மா. வேணும்னு இல்ல, அதுவா நடக்கும். அந்த அளவுல தெச்சா சட்டை கடையில நல்லா இருக்கும். வீட்டுக்குப் போய்ப் பட்டன் போட்டா தெறிக்கும். அவன் டேப்ப மறக்கணும்."

நாடியக்கா கையில் இருந்த நாடாவைப் பார்த்தார். கொடுக்க வந்தவர் கொடுக்காமலே எழுந்து போனார். "அடுத்த வாரமும் பேண்ட் இல்ல போலிருக்கு" என்றார் தையல்காரர் காலியான வாசலைப் பார்த்து.

மறுநாள் மதியம், கூடம் காலியானதும், நாடியக்கா மேற்பார்வையாளரை அழைத்துவந்து ஆபரேட்டர் பெண்ணின் மேசை அருகே நிறுத்தினார். அவர் காதிலும் ஒரு ஹெட்போன். நாற்காலியில் கைப்பை இருந்தபடி இருந்தது. நாடியக்கா கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு மெஷின் அறைக்குள் போனார். நீலக் கேபிளைப் பிடுங்கினார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, மெஷினுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். கண்ணால் பார்ப்பதால் எதுவும் ஆகாது என்று அவருக்குத் தெரியும். கார்டைத் தூங்கவிடாமல் வைத்திருந்தது கண் இல்லை, கேபிள் வழியாக ஓயாமல் நடந்த விசாரணை. ஆனாலும் திரும்பிக்கொண்டார்.

அழைப்பு எதுவும் வரவில்லை. விசிறிகள் இரைந்தன. எதிரே சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு உருளையின் பளபளப்பில், அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த பச்சைப் பொட்டு தெரிந்தது. துடிப்பு குறைந்தது. நிதானமானது. ஒருமுறை மினுங்கி, அணைந்தது. பக்கத்தில் பழைய டிஸ்ட்ரோ ஓடிய மெஷினின் பொட்டு எப்போதும் போல எரிந்துகொண்டிருந்தது.

நாடியக்கா கைப்பேசியை எடுத்து அவசர எண்ணை அழுத்தினார். எழுந்து, கண்ணாடிப் பக்கம் வந்து, கூடத்தைப் பார்த்து நின்றார்.

ஆபரேட்டர் பெண்ணின் மேசையில் விளக்கு எரிந்தது. அழைப்பின் வருகையைச் சொல்லும் கார்டு வேறு, அது தூங்குவதில்லை. குரலைக் கொண்டுவரும் கார்டு அப்போதுதான் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்கு அப்பால் நாடியக்காவின் உதடுகள் அசைந்தன. காதில் ஒன்றும் இல்லை. உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. அவர் கண்கள் ஆபரேட்டர் பெண்ணின் முகத்தை விட்டு நகரவில்லை. கை ஒருமுறை தன் நெஞ்சைத் தொட்டது. நடுவே நிறுத்தினார், மறுபடி பேசினார். மேற்பார்வையாளர் ஹெட்போனைத் தட்டிப் பார்த்தார், கழற்றி மாட்டிப் பார்த்தார். இரண்டடி தூரத்தில் வாய் திறந்து மூடும் ஒரு பெண்ணையும் அந்த ஆழ்ந்த அமைதியையும் சேர்த்து வைத்துக்கொள்ள அவரால் முடியவில்லை.

நாடியக்காவின் காதிலோ மெல்லிய ஒரு இரைச்சல். பேசுபவர் இணைப்பு அறுந்துவிட்டதென்று எண்ணிக்கொள்ளாமல் இருக்கத் தொலைபேசிக்காரர்கள் அமைதியில் கலந்துவிடும் இரைச்சல் அது. அவருக்கு அது தெரியும். தெரிந்தும், யாரோ மூச்சடக்கிக் கேட்டுக்கொண்டிருப்பது போலத்தான் இருந்தது.

திடீரென்று ஹெட்போன்களில் கதவு திறந்தது.

"...தப்பு உங்க மேல இல்ல."

அத்தோடு நாடியக்கா நிறுத்திக்கொண்டார்.

மேற்பார்வையாளர் ஹெட்போனை மெதுவாகக் கழற்றி, சூடான பாத்திரத்தை இறக்குவது போல மேசையில் வைத்தார். "திங்கக்கிழமையில இருந்து வழக்கம் போல வந்துரும்மா" என்றார் ஆபரேட்டர் பெண்ணிடம், அவளைப் பார்க்காமல். பிறகு உள்ளிருந்து வந்த நாடியக்காவிடம், "அதத் தூங்கவிடாம பண்ண முடியுமா?" என்று கேட்டார்.

"செட்டிங்ஸ்ல ஒரு வரி மாத்தினா போதும் சார். இப்பவே மாத்திடறேன். அந்தக் கார்டு இனிமே கண்ண மூடாது."

"முன்னாடி என்னவோ நிறைய சொல்லிக்கிட்டு இருந்தீங்களே. என்ன சொன்னீங்க?"

நாடியக்கா அந்த வரியை மாற்ற உள்ளே திரும்பினார். ஆபரேட்டர் பெண்ணுக்குக் கேட்கத் தேவைப்படவில்லை. கண்ணாடி வழியாக அந்த உதடுகளை ஆரம்பத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். மேசையில் மறுபடி விளக்கு எரிந்தது. அவள் ஹெட்போனைச் சரிசெய்துகொண்டு, "சொல்லுங்க, முதல்ல இருந்து சொல்லுங்க" என்றபடியே, இன்னொரு கையால் பக்கத்து நாற்காலியிலிருந்த கைப்பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.